நம்பர் வேறு, நெட் வேறு: வெளிநாட்டில் போன் செலவு எப்படி உருவாகிறது

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வெளிநாடு போய்வருவது இப்போது அதிசயமில்லை. மாம்பழக் கூழ் விற்கத் துபாய் போகிறவர், இத்தாலியின் வெரோனாவில் நடக்கும் கல் கண்காட்சிக்குப் போகும் கிரானைட்காரர், ஓசூர் ஆலையிலிருந்து பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பப்படும் இளைஞர், மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மா என்று தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஊறுகாய் பாட்டிலுக்கு எத்தனை கவர் சுற்றுவது என்று அரை நாள் யோசிக்கும் வீடுகளில்கூட, போன் விஷயத்தில் யாரோ சொன்ன ஒரு வரியை நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த வரி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். "நம்ம சிம் அங்க எடுக்காது, கழட்டி வீட்லயே வச்சிட்டுப் போ." "ரோமிங் போட்டா லட்சக்கணக்குல பில்லு வரும்." "இ-சிம் போட்டுக்கோ, எல்லாம் ஃப்ரீ." மூன்றுமே தவறு. ஆனால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பரவியிருக்கின்றன.

ஊரில் ஒரே ரீசார்ஜில் நம்பரும் நெட்டும் சேர்ந்து கிடைப்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறோம். வெளிநாட்டில் இவை இரண்டு தனிச் சரக்குகள். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேர்த்து வாங்குகிறவர்தான் பெரும்பாலும் அதிகம் கொடுக்கிறார். ஏன் என்று புரிய, சிம்முக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிம்முக்குள் என்ன இருக்கிறது?

பலர் நினைப்பதுபோல சிம்முக்குள் பேலன்ஸ் இல்லை. நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லும் பத்து இலக்க நம்பரைக்கூட வலையமைப்பு அதிலிருந்து எடுப்பதில்லை. அதில் முக்கியமாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, 15 இலக்கங்கள் வரை உள்ள ஓர் அடையாள எண். அதை ஐஎம்எஸ்ஐ என்பார்கள். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405, சிங்கப்பூர் 525, ஐக்கிய அரபு அமீரகம் 424. அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம் என்று காட்டும். இரண்டாவது விஷயம் ஒரு ரகசியச் சாவி. அதன் நகல் உங்கள் நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கும்.

உங்கள் நம்பர், பேலன்ஸ், பேக், நீங்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்ற தகவல் எல்லாம் நிறுவனத்தின் ஏட்டில்தான். சிம் என்பது அந்த ஏட்டில் உங்கள் பக்கம் எது என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான்.

ரோமிங் என்றால் என்ன?

தர்மபுரியில் ஒரு மளிகைக் கடையில் உங்களுக்கு நோட்டுக் கணக்கு இருக்கிறது என்று வையுங்கள். சேலத்துக்குப் போன இடத்தில் சாமான் தேவைப்படுகிறது, கையில் காசில்லை. அங்குள்ள கடைக்காரர் உங்கள் கடைக்காரருக்குப் போன் போட்டு, "இவர் உங்க ஆளா? கொடுக்கலாமா?" என்று கேட்கிறார். "நம்ம ஆளுதான், கொடுங்க, என் கணக்குல எழுதிக்கோங்க" என்கிறார் இவர். பிறகு சேலத்துக்காரர் பில் அனுப்ப, உங்கள் கடைக்காரர் அதைக் கட்டிவிட்டு, தன் பங்கையும் சேர்த்து உங்களிடம் வசூலிக்கிறார்.

ரோமிங்கில் நடப்பது இதுவே. துபாயில் இறங்கி போனை ஆன் செய்தால், அது அருகிலுள்ள டவருக்குத் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. 404 என்று தொடங்குவதைப் பார்த்ததும், "இது இந்திய சிம்" என்று அந்த வலையமைப்புக்குத் தெரிந்துவிடும். உடனே இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தைக் கேட்கிறது. இவர்கள் ரகசியச் சாவியை வைத்துச் சரிபார்த்து, ரோமிங் திறந்திருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் அனுமதி கொடுக்கிறார்கள். கூடவே, "இவர் இப்போது துபாயில் இருக்கிறார்" என்று ஏட்டிலும் குறித்துக்கொள்கிறார்கள். திரையில் அந்த நாட்டு நிறுவனத்தின் பெயர் வருவதற்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

உங்களுக்கு சிம் கொடுத்த நிறுவனத்தைத் தாய் நிறுவனம் என்றும், போன இடத்தில் டவர் வைத்திருப்பதை விருந்து நிறுவனம் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். இரண்டுக்கும் இடையே மொத்த விலை ஒப்பந்தம் ஒன்று இருக்கும். கட்டணத்தைத் தீர்மானிப்பதில் தூரத்தைவிட அந்தப் பேரத்துக்குத்தான் பங்கு அதிகம். பக்கத்து நாட்டுக்கான பேக் தூரத்து நாட்டுக்கானதைவிட விலை கூடியிருப்பதைப் பார்த்தால் அதனால் திகைக்க வேண்டாம்.

ஓசூர்க்காரர்களுக்கு இது பழகிய கதை. இந்தியாவுக்குள்ளேயே ரோமிங் கட்டணம் இருந்த காலம் ஒன்று உண்டு. அரசு நாட்டை வட்டங்களாகப் பிரித்து நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தது. ஓசூர் தமிழ்நாடு வட்டம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடக வட்டம். பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறவர் தினமும் காலையில் ரோமிங்குக்குள் நுழைந்து மாலையில் வெளியே வருவார். எல்லை ஓரத்தில் உள்ள ஜூஜூவாடியில் சும்மா நின்றாலே போன் சில சமயம் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டு சிம் ஒன்று, கர்நாடக சிம் ஒன்று என்று பலர் இரண்டு வைத்துக்கொண்டு திரிந்தது அதனால்தான். 2016 செப்டம்பரில் ஜியோ உள்நாட்டு ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் அதை எடுத்துவிட்டது. வெளிநாட்டு எல்லைகளில் மட்டும் அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் நடக்கிறது. அன்றைக்கு ஓசூர்க்காரர் கையாண்ட இரண்டு சிம் வழிதான் இன்றைக்கும் வெளிநாட்டில் மலிவான வழி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூப்பிட்டது அவர், காசு ஏன் எனக்கு?

ரோமிங்கில் அதிகம் பேருக்கு எரிச்சல் தருவது இதுதான். வந்த அழைப்பை எடுத்ததற்குக் காசா?

பென்னாகரத்திலிருந்து அத்தை உங்கள் நம்பருக்குப் போடுகிறார். அது இந்திய நம்பர் என்பதால் அழைப்பு எப்போதும் போல முதலில் இந்தியாவில் உள்ள உங்கள் தாய் நிறுவனத்துக்குத்தான் போகும். அத்தைக்கு அது சாதாரண அழைப்பு. தாய் நிறுவனம் ஏட்டைப் பார்க்கிறது; நீங்கள் துபாயில் இருக்கிறீர்கள். அங்கிருந்து அழைப்பைக் கடல் கடந்து கொண்டுபோய் விருந்து நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். அந்தப் பாதிப் பயணத்தின் செலவை அத்தையிடம் கேட்க முடியாது. நீங்கள் ஊரில் இல்லை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் அது உங்கள் கணக்கில் விழுகிறது. எடுக்காமல் விட்ட அழைப்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்கும் நம் நிறுவனங்களில் பொதுவாகக் கட்டணம் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் கணக்குப் போடப் போகிறோம்.

நெட் எந்த வழியாகப் போகிறது?

எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் முஸ்தபா சென்டர் வாசலில் நின்று, பக்கத்தில் சைவ ஓட்டல் எங்கே என்று தேடுகிறீர்கள். உள்ளே இருப்பது இந்திய சிம், ரோமிங் நெட். உங்கள் கேள்வி அங்குள்ள டவருக்குப் போகிறது. ஆனால் அங்கிருந்தே இணையத்துக்குள் நுழைவதில்லை. கடலடிக் கேபிள் வழியாக இந்தியாவுக்கு வந்து, உங்கள் தாய் நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறது. பதிலும் அதே வழியில் திரும்பி வருகிறது. நான்கு கடை தள்ளி இருக்கும் ஓட்டலைக் காட்டுவதற்கு இவ்வளவு சுற்று.

இதிலிருந்து மூன்று விளைவுகள். முதலாவது, ரோமிங் நெட் சற்றுத் தயங்கித் தயங்கி வரும். வீடியோ பார்க்கும்போது அவ்வளவாகத் தெரியாது. வீடியோ காலில் தெரியும். இரண்டாவது, இணையத்தின் பார்வையில் நீங்கள் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறீர்கள். இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் கிரிக்கெட் ஒளிபரப்பு செயலியும் வங்கிச் செயலியும் முரண்டு பிடிக்காமல் திறக்கும்.

மூன்றாவது விளைவு சீனா போகிறவர்களுக்கு. அங்கே உள்ளூர் சிம் வாங்கினால் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. உள்ளூர் இணையத்தில் அவற்றுக்குத் தடை. இந்திய சிம்மின் ரோமிங் நெட்டில் அவை திறக்கும், காரணம் உங்கள் இணைய வாசல் இந்தியாவில் இருக்கிறது. குவாங்சோ கண்காட்சிக்கு இயந்திரம் பார்க்கப் போகிறவர், மலிவு என்று விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கிவிட்டு ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்திகூட அனுப்ப முடியாமல் தவிப்பது இதனால்தான். சீனாவுக்கு மட்டும் ரோமிங் பேக்தான் புத்திசாலித்தனம் என்பேன்.

இதுவரை பார்த்தது: சிம் ஓர் அடையாளம். அதைக் காட்டி வேறொருவர் டவரைப் பயன்படுத்துவது ரோமிங். உள்வரும் அழைப்பும் நெட்டும் தாய் நாட்டைச் சுற்றிக்கொண்டு வருகின்றன; நடுவில் இரண்டு நிறுவனங்கள் காசு பார்க்கின்றன.

பெரிய பில் எங்கிருந்து வருகிறது?

ரோமிங் போட்டாலே பில் பறக்கும் என்பது சரியல்ல. பேக் இல்லாமல் நெட் ஓடினால்தான் பறக்கும். பேக் இல்லாதபோது கட்டணம் நாள் கணக்கிலோ ஜிபி கணக்கிலோ இருக்காது, எம்பி கணக்கில், சில சமயம் அதற்கும் கீழே கேபி கணக்கில் இருக்கும். கணக்குக்காக ஒரு எம்பிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய 5 எம்பி காலை வணக்க வீடியோ தானாக இறங்கினால் 2,500 ரூபாய். நீங்கள் போனைத் தொடவே வேண்டாம். போட்டோ பேக்கப், செயலி அப்டேட், மெயில் எல்லாம் பின்னணியில் தாமாகவே ஓடும்.

நம் நாட்டு சிம்களில் வெளிநாட்டு ரோமிங் பொதுவாக மூடியே இருக்கும். நாம் கேட்டோ, பேக் போட்டோதான் திறக்க வேண்டும். ப்ரீபெய்டில் பேலன்ஸ் தீர்ந்ததும் நின்றுவிடும். போஸ்ட்பெய்டில்தான் கவனம் தேவை. விருந்து நிறுவனத்தின் கணக்கு தாய் நிறுவனத்துக்குத் தாமதமாக வரலாம் என்பதால், ஊர் திரும்பிய பிறகும் பில்லில் பாக்கி ஏறும்.

இன்னொரு இடமும் உண்டு, பலர் யோசிக்காதது. விமானம், சொகுசுக் கப்பல். சில விமானங்களிலும் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் குட்டி மொபைல் வலையமைப்பு இருக்கும். உங்கள் போன் அதையும் ஒரு வெளிநாட்டு டவராக நினைத்துப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போட்ட நாட்டு பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது, கட்டணமும் கடுமை. ஏறியதும் ஏரோப்ளேன் மோட் போடச் சொல்வதை உங்கள் பர்ஸுக்காகவும் செய்யுங்கள்.

நம்பரையும் நெட்டையும் பிரித்தல்

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டில் இந்திய நம்பர் எதற்குத் தேவை? பெரும்பாலானவர்களுக்கு ஒரே காரணம்தான்: வங்கி அனுப்பும் ஓடிபி. ஊர்ப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது, அதற்கு நெட் போதும். அந்த நெட் எந்த நாட்டு சிம்மில் வந்தாலும் வாட்ஸ்அப் உங்கள் பழைய நம்பரிலேயே ஓடும். புதிய சிம் போட்டதும் "நம்பரை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருகிறது. உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை என்று மேலே பார்த்தோம். எனவே இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைக்காதீர்கள். முதல் ஸ்லாட்டில் அதுவே இருக்கட்டும். அதில் ரோமிங் திறந்திருக்க வேண்டும். டேட்டா மட்டும் அணைந்திருக்க வேண்டும். இரண்டாவது ஸ்லாட்டில் எங்கே நெட் மலிவோ அந்த சிம். இந்தியாவில் விற்கும் போன்களில் பெரும்பாலானவை இரண்டு சிம் போன்கள்தான், அதனால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதில் சில கண்ணிகள் உண்டு. சில நிறுவனங்களில் ஒரு சிறிய ரோமிங் பேக்காவது போட்டால்தான் ப்ரீபெய்டு சிம் வெளிநாட்டு டவரைப் பிடிக்கும். கிளம்புவதற்கு முன் கஸ்டமர் கேரில், "பேக் இல்லாமல் எஸ்எம்எஸ் வருமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சாதாரண ரீசார்ஜின் வேலிடிட்டியும் பயணம் முடியும் வரை இருக்க வேண்டும். அது நடுவில் முடிந்தால் ஓடிபியும் நின்றுவிடலாம்.

இரண்டு சிம் உள்ள போன்களில், ஒன்றில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் நெட்டுக்குத் தானாகத் தாவும் வசதி ஒன்று இருக்கும். ஐபோனிலும் உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஊரில் நல்ல வசதி, வெளிநாட்டில் வம்பு. செட்டிங்ஸில் தேடி அதை அணைத்துவிடுங்கள்.

யூபிஐ செயலியை வெளிநாட்டில் அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். அது உங்கள் இந்திய சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை உறுதிசெய்கிறது. வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு, சில சமயம் போகாமலும் மாட்டிக்கொள்ளும்.

உள்ளூர் சிம்

ஒரு நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் இதுவே மலிவு. காரணம் எளிது. ரோமிங் இல்லை, இரண்டு நிறுவனங்கள் இல்லை, சுற்று வழி இல்லை. அந்த ஊர்க்காரர் கொடுக்கும் விலையையோ அதற்கு ஓரளவு பக்கத்தில் உள்ள விலையையோ நீங்களும் கொடுக்கிறீர்கள். பல நாடுகளில் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும். விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம்மைவிட ஊருக்குள் கடையில் விற்பது பொதுவாக மலிவு. ஆனால் நள்ளிரவில் குழந்தை குட்டிகளோடு இறங்கி, டாக்சிக்கு நெட் வேண்டும் என்று நிற்கும்போது அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சில நாடுகளில் டவரே இல்லாத மொபைல் நிறுவனங்கள் இருக்கின்றன. டவர் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்திடம் நிமிடங்களையும் ஜிபிக்களையும் மொத்தமாக வாங்கி, தன் பெயரில் சிம் போட்டு விற்பது இவர்கள் தொழில். இவற்றை மெய்நிகர் நிறுவனம் என்று சொல்லலாம். தமிழர்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. தமிழ்ப் படங்களின் டைட்டிலில் நாம் பார்க்கும் லைக்காவின் மூலத் தொழில் இதுதான். இலங்கைத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன் 2006-இல் பிரிட்டனில் தொடங்கிய லைக்கா மொபைல் இவ்வகை நிறுவனம். அதற்கு முன்பே 2001-இல் இலங்கைத் தமிழர் மூவர் சேர்ந்து தொடங்கிய லெபாராவும் இப்படித்தான். ஊருக்குப் பேசக் காசு கரைந்த புலம்பெயர்ந்தவர்களே இவர்களின் முதல் வாடிக்கையாளர்கள். ஜெர்மனியில் ஆல்டி சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியோடு சேர்த்து சிம்மும் வாங்கலாம். அதுவும் இதே வகை. விலை குறைவு என்பதற்காக இவற்றைச் சந்தேகப்பட வேண்டாம். ஓடுவது பெரிய நிறுவனத்தின் டவரில்தான்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் தனி ரோமிங் கட்டணம் கிடையாது. இந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாடுகளும் இதில் சேரும். பிராங்க்ஃபர்ட்டில் வாங்கிய சிம் வெரோனாவிலும் ஓடும், சில வரம்புகளோடு. சுவிட்சர்லாந்து இதில் இல்லை. ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு பிரிட்டனும் இல்லை. ஜெர்மனியில் பயிற்சிக்குப் போனவர்கள் சனி ஞாயிறில் சுவிஸ் மலையைப் பார்க்கக் கிளம்புவது வழக்கம். எல்லையைத் தாண்டும் முன் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் உட்லண்ட்ஸ் பக்கம் நின்றால் போன் மலேசிய டவரைப் பிடிப்பதும் உண்டு. ஜூஜூவாடிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

துபாய், அபுதாபி போகிறவர்கள் கவனிக்க: அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், ஆனால் குரல் அழைப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. அனுமதி பெற்ற போடிம் போன்ற செயலிகளைத்தான் அங்குள்ள நம்மவர்கள் பயன்படுத்துகிறார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் அம்மாவின் போனிலும் அதைப் போட்டுவிட்டுப் போவது நல்லது.

இ-சிம் பற்றிய மயக்கம்

இ-சிம் என்பது ஒரு பேக்கின் பெயரோ ஒரு நிறுவனத்தின் பெயரோ அல்ல. சிம்மின் வடிவம், அவ்வளவே. பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிலாகப் போனுக்குள் பதித்த சிப். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அடையாள எண்ணும் ரகசியச் சாவியும் இணையம் வழியாக அதில் இறங்கும். இந்திய நிறுவனங்களே இ-சிம் கொடுக்கின்றன. அதில் ரோமிங் கட்டணம் பிளாஸ்டிக் சிம்மில் உள்ளதேதான். இ-சிம் என்றாலே மலிவு என்ற பேச்சு, பயண இ-சிம் என்ற தனிச் சரக்கைப் பார்த்துக் கிளம்பியது.

பயண இ-சிம் விற்கும் நிறுவனங்களுக்குப் பொதுவாகச் சொந்த டவர் கிடையாது. ஏதோ ஒரு நாட்டு மொபைல் நிறுவனத்தின் அடையாள எண்களை மொத்தமாக எடுத்து, அதன் ரோமிங் ஒப்பந்தங்களைப் பயன்படுத்தி நெட் விற்கிறார்கள். அதாவது அதுவும் ரோமிங்தான். தாய் நிறுவனம் மட்டும் இந்தியாவில் இல்லாமல் ஹாங்காங்கிலோ போலந்திலோ இருக்கலாம். மொத்தமாகப் பேரம் பேசி, நெட் மட்டும் விற்பதால் பல நாடுகளில் நம் ரோமிங் பேக்கைவிட மலிவாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் பேசும் நம்பர் கிடையாது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைக்க வேண்டும்; பயண இ-சிம்மில் அதே டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டும். ரோமிங் என்ற சொல்லைக் கண்டு பயந்து இரண்டிலும் அணைத்துவிட்டு, "காசு கட்டியும் நெட் வரல" என்று திண்டாடுவார்கள். அது ரோமிங்கிலேயே பிறந்த சிம் என்பது புரிந்துவிட்டால் குழப்பமில்லை.

க்யூஆர் கோடை வீட்டு வைஃபையிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் நெட் இல்லாமல் ஏற்ற முடியாது. ஏற்றியதைத் தவறி அழித்தால் அதே கோட் மறுபடி வேலை செய்யாமல் போகலாம். அன்லிமிடெட் என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி வரை முழு வேகம் என்ற சிறிய எழுத்தைப் படியுங்கள். வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். 2024 ஜனவரியில் அத்துறை சொல்லி பயண இ-சிம் விற்கும் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு செயலிகளும் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது இதனால்தான். எனவே இங்கிருந்து வாங்கும்போது அனுமதி பெற்றவரிடம் வாங்குங்கள்.

இதுவரை பார்த்த மூன்று வழிகள்: இந்திய சிம்மின் ரோமிங் பேக்கில் நம்பரும் நெட்டும் சேர்ந்து வரும், சுற்று அதிகம், விலை கூடுதல், தலைவலி குறைவு. உள்ளூர் சிம்மில் நேர் வழி, ஒரே நாட்டுக்கு மலிவு. பயண இ-சிம் நெட்டுக்கு மட்டும். நாலைந்து நாடு சுற்றுகிறவருக்கு வசதி.

எத்தனை ஜிபி வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசினால் நிமிடத்துக்கு அரை எம்பியிலிருந்து ஒரு எம்பி வரைதான் போகும். தினம் ஒரு மணி நேரம் பேசினாலும் 60 எம்பிக்குள். கூகுள் மேப்பில் அந்த ஊரின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வழி பார்க்க மிகக் குறைவான நெட் போதும். ஜிபியைத் தின்பது வீடியோ. சாதாரணத் தரத்தில் யூடியூப் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் அரை ஜிபி. அதை ஓட்டல் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம். குடும்பமாகப் போனால் ஒருவர் சிம்மில் நெட் வாங்கி ஹாட்ஸ்பாட் போடலாம், ஆனால் சில பேக்குகளில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தடை உண்டு.

போனும் ஒத்துழைக்க வேண்டும்

அப்பாவின் பட்டன் போன் 2ஜியில் ஓடுவது. சிங்கப்பூர் 2017-லேயே 2ஜியை மூடிவிட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜியையும் மூடின. ஆஸ்திரேலியாவில் 2024-இல் அதே கதை. அந்த நாடுகளில் அந்தப் போன் மணி பார்க்கத்தான் உதவும். 4ஜி போனாக இருந்தாலும் ஒவ்வொரு நாட்டிலும் டவர் பேசும் அலைவரிசைகள் வேறு. இந்தியாவுக்கென்று செய்த விலை குறைந்த மாடல்கள் அமெரிக்க அலைவரிசைகள் சிலவற்றைப் பிடிக்காது. நெட் வந்தும் பேச முடியாமல் போவதும் உண்டு. மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் அண்ணன் கொடுத்த பழைய போன் என்றால், அது அங்குள்ள ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய போனில் வேறு சிம் எடுக்காது.

யாருக்கு எது?

நான்கு நாள் வியாபாரப் பயணம், இந்திய நம்பரில் வாடிக்கையாளர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார் என்றால் யோசிக்காமல் ரோமிங் பேக். ஒரு அழைப்பைத் தவறவிட்டால் போகும் காசு பேக் விலையைவிட அதிகம். ஆறு மாதம் மகள் வீட்டில் இருக்கப் போகும் அம்மாவுக்கு, மகளின் குடும்ப பிளானிலேயே ஓர் இணைப்பு சேர்த்துவிடுவது நல்லது. இந்திய சிம் இன்னொரு ஸ்லாட்டில் ஓடிபிக்கு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று ஒரே மூச்சில் சுற்றும் குழுவுக்குப் பயண இ-சிம், போனில் அந்த வசதி இருந்தால். இல்லையென்றால் பல நாடுகளுக்கு ஒரே பிளாஸ்டிக் சிம் கிடைக்கிறது, அதைப் பாருங்கள்.

வருடக்கணக்கில் போகிறவர்களுக்கு

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் கதை வேறு. இங்கே பிரச்சினை நெட் விலை அல்ல, ஊர் நம்பரை உயிரோடு வைத்திருப்பது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்கும் ஏற்பாடு உண்டு. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். உங்கள் வங்கியும் ஆதாரும் அந்த நம்பரில் இருந்தால் அவற்றின் ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே ஊரில் இருக்கும் தம்பியிடமோ மனைவியிடமோ சொல்லி, உள்ளதில் குறைந்த ரீசார்ஜை விடாமல் போட்டுவரச் செய்யுங்கள். முடியாது என்றால் போவதற்கு முன்பே வங்கியில் எண்ணை மாற்றிவிடுங்கள். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2023 ஜனவரியில் அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர், அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகளின் நம்பர்களிலேயே யூபிஐ பயன்படுத்த அனுமதி வந்துவிட்டது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கிளையில் கேட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கிருந்து போனில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் அந்தப் பழைய நம்பருக்கு ஓடிபி வரும்.